அஸர் நேரத்து எடை

வளைகுடாவில் குதைபியா என்கிற பகுதியில் மகள் வீட்டு ஜன்னலோரம் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. மகள் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போய்விடுவாள். பேரப்பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து, அவர்களுக்குள் இங்கிலீஷில் சண்டை போட்டு ஓய்ந்திருப்பார்கள். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிகள் மேல் வெயில் மஞ்சளாகிற நேரத்தில் நான் அந்த நாற்காலியில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். ரிட்டயர் ஆனவனுக்கு அதுதான் டியூட்டி. போன வாரம் அப்படி அரைத் தூக்கத்தில் இருந்தபோது போனில் செல்வத்தின் குரல்பதிவு ஒன்று வந்தது.

செல்வம் ராமநாதபுரத்துக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அபுதாபிக்கு வெளியே, மணல்மேடுகள் தொடங்குகிற இடத்தில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை பார்க்கிறான். நான் அங்கிருந்து ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் வந்து சேர்ந்தான். துப்பாக்கிகளைச் சரிபார்க்கும் ஆர்மரி அறை இப்போது அவன் பொறுப்பில் இருக்கிறது.

"அண்ணே, நல்லா இருக்கீகளா? ஒரு சந்தேகம்ணே. அலமாரியில ஒரு பழைய துப்பாக்கி பேரல், வெறுங்குழல், கெடக்கு. பின்னாடி நல்ல தடிமன், முன்னாடி ஒல்லிக்குச்சி. மேசையில வச்சு அடிச்சுப் பாத்தேன், குண்டெல்லாம் பரப்பிக்கிட்டுப் போய் விழுவுது. எவன்ணே இத இப்படிக் கடைஞ்சு கெடுத்தது? இப்ப கார்பன் நார் சுத்துன புதுப் பேரல் வந்துருக்கு, கையில எடுத்தா எடையே தெரியல. இதத் தூக்கி ஸ்க்ராப்புல போட்டுறவா?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"எலே மக்கா, அதத் தொடாத கேட்டியா. கெடுத்தவன் நான்தான். எழுதி அனுப்புதேன், படிச்சுட்டு அப்புறம் போடு" என்று பதில் அனுப்பினேன். அவனுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. எழுத எழுத எனக்காகவும் ஆகிவிட்டது.

நான் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். பேர் சூசை. வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனார்கள். எனக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே குடலைப் புரட்டும். அதனால் ஐ.டி.ஐ.யில் இரும்பு கடைகிற டர்னர் வேலை படித்துவிட்டு அபுதாபி பக்கத்து முசஃபாவுக்கு விமானம் ஏறினேன். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைவதில் பல வருடம் ஓடியது. நீளமான, ஒல்லியான இரும்பு லேத்தில் சுற்றும்போது நடுவில் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கிக் கடைவது எனக்கு நன்றாக வரும். இதை யாரோ சொல்லக் கேட்டு, நல்ல டர்னர் தேடிக்கொண்டிருந்த கிளப்பிலிருந்து ஆள் அனுப்பினார்கள். என் கஃபீலும், அதாவது விசா கொடுத்த முதலாளியும், வம்பு பண்ணாமல் விட்டுக்கொடுத்தார். இப்படித்தான், ஒரு கோழியைக்கூடக் கல்லால் அடித்துப் பழகாத நான் துப்பாக்கிகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் முராத். ஓமான் நாட்டு பலூச்சி. அந்த நாட்டு ராணுவத்தில் ஆயுத மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். எல்லோரும் அவரை உஸ்தாத், அதாவது ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லி உடம்பு, தலையில் எப்போதும் பூவேலை போட்ட ஓமானித் தொப்பி. என் பேர் அவர் வாயில் கடைசிவரை சூசா என்றுதான் வந்தது. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அவர் என்ன திட்டுகிறார் என்று கேட்க நாம்தான் பக்கத்தில் குனிய வேண்டும். எனக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. திட்டு வாங்கவும் குனிய வேண்டுமா என்று ரூமில் வந்து புலம்பியிருக்கிறேன்.

எங்கள் பேச்சு ஹிந்தியும் உருதுவும் அரபியும் போட்டுக் கிண்டிய ஒரு கிச்சடி. அதை இங்கே என் தமிழில்தான் எழுத முடியும்.

முராத் அறையில் முதல் சட்டம் ஒன்று உண்டு. துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அதன் வாயை மேசைக்கு அப்பால் மணல் மூட்டைப் பக்கம் திருப்ப வேண்டும். தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணை நம்பாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டும். அவரும் பார்த்து, விரலை விட்டு, "மாஃபி" என்று சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இப்போதுதான் உன் கையிலிருந்து என் கைக்கு வந்தது என்றாலும் இதே சடங்கு திரும்ப நடக்கும். டீ குடிக்கக் கீழே வைத்துவிட்டு எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. மகள் காப்பித் தம்ளரை நீட்டினால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். "அப்பா, காப்பிதான், வெசமில்ல" என்பாள்.

இரண்டாவது சட்டம் ரமலான் மாதத்துக்கானது. நோன்பு நாளில் மதியத் தொழுகைக்குப் பிறகு லேத்தை யாரும் தொடக்கூடாது. துடைக்கலாம், எண்ணெய் போடலாம், சுட்டுப் பார்க்கலாம். வெட்டக்கூடாது. "வயிறு காலியா இருந்தா கை அவசரப்படும், சூசா. வெட்டுன இரும்பு திரும்பி வராது" என்பார். நோன்பு இல்லாத எனக்கும் அதே சட்டம்தான்.

செல்வம் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளப்பில் பந்தயத்துக்கு வைத்திருந்தவை பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள். ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். கையால் ஏற்றுகிற துப்பாக்கியில் இரண்டு குண்டுகளுக்கு நடுவில் பேரல் கொஞ்சம் ஆறிக்கொள்ளும். இதில் அந்த அவகாசம் கிடையாது, சூடு ஏறிக்கொண்டே போகும். பேரல் தடிமனாக இருந்தால் அதிர்வு குறைவு, சூடும் மெதுவாகத்தான் ஏறும், அதனால் குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழும். ஒல்லியாக இருந்தால் தூக்குவதற்குச் சுகம், ஆனால் சூடேறியதும் குண்டு தான் போகிற இடத்தை மாற்றிக்கொள்ளும். எங்கள் பேரல்களில் குண்டு பெரும்பாலும் மேலே ஏறும். குறி தப்பாமையும் எடைக் குறைவும் ஒரே பேரலில் கிடைக்காது. கார்பன் வந்தபிறகு பாதிக்குப் பாதி கிடைக்கிறது என்கிறார்கள். நல்ல சரக்காகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை.

முராத் பேரலைச் சோதிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். துப்பாக்கியை மேசையில் மணல் பைகள் மேல் படுக்கவைப்பார். ஆறிய பேரலில் ஒரு டார்கெட் தாளைச் சுடுவார். புறங்கையை பேரல் மேல் வைத்து, சூடு பொறுக்கும் வரை காத்திருந்து இன்னொரு தாள். பிறகு காத்திருக்காமல் சூட்டோடு சூடாக ஒரு தாள். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னலுக்கு நேரே பிடிப்பார். மூன்று தாளின் ஓட்டைகளும் ஒரே இடத்தில் இருந்தால் அதன் வழியாக வெளிச்சம் ஒற்றைப் பொட்டாக வந்து அவர் தாடியில் விழும். சிதறியிருந்தால் ஒன்றும் தெரியாது. அவர் முகத்தில் அந்தப் பொட்டு வெளிச்சம் விழுந்த நாட்களில் எங்களுக்குக் கரக் சாயா வாங்கிக் கொடுப்பார்.

அப்படி அவர் செய்தவற்றில் மிகச் சிறந்தது ஒரு கனத்த பேரல். அதன் டார்கெட் தாளில் சுட்ட குண்டுகள் எல்லாம் சேர்ந்து நடுவில் ஒரே ஓட்டையாக, ஒரு காசு அளவுக்குக் கிழிந்திருந்தது. அந்தத் தாள் ஆர்மரி சுவரில் மாட்டியிருக்கும். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்போதெல்லாம் முராத் தலையைக் குனிந்துகொண்டு வேலையில் இருப்பதுபோல் நடிப்பார். காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும்.

அந்தப் பேரல் இருந்த துப்பாக்கி ஷம்மாவுடையது. ஷம்மா அந்த ஊர்ப் பெண், கிளப்பில் சம்பளத்துக்கு இருந்த வீராங்கனை. வீட்டுச் சமையல்காரரிடம் கற்றுக்கொண்ட ஹிந்தியில் எங்களோடு நன்றாக வாயடிப்பார். அந்தத் துப்பாக்கியோடு அவர் நிற்கும்போது ஆளும் துப்பாக்கியும் மணலில் நட்டுவைத்ததுபோல் அசையாமல் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மணல்மேட்டில் வண்டி உருண்டு அவருடைய இடது தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பலம் முழுதாகத் திரும்பவில்லை. துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்குகிற கை அதுதான்.

கிளப் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. அடுத்த தேர்வில் அணிக்குள் வந்தால் வரலாம். இல்லையென்றால் வாசலில் வரவேற்பு மேசைக்கு மாற்றிவிடுவார்கள். "வர்றவங்களுக்குக் காது அடைக்கிற பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கிட்டு உட்காந்திருக்கணும், சூசா பாய். உள்ளே மத்தவங்க சுடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

தேர்வு இரண்டு சுற்று, இரண்டும் நின்றுகொண்டு சுட வேண்டும். முதல் சுற்று நிதானமாக. இரண்டாவது சுற்றில் மணி அடித்ததும் வரிசையாகச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். பயிற்சியில் கனத்த பேரலோடு ஷம்மாவுக்கு முதல் சுற்று முடிவதற்குள் கை இறங்கியது. வேறொரு ஒல்லிப் பேரலை மாட்டிக் கொடுத்தோம். முதல் சுற்று அழகாகப் போனது. இரண்டாவதில் சூடேறி, குண்டுகள் ஏணி வைத்து ஏறுவதுபோல் ஒவ்வொன்றாக மேலே போய் வளையத்தை விட்டே வெளியேறின. "வேற யாரோட செருப்பையோ போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் முராத்தே சொன்னார். "இவளோட பேரலையே முன்பக்கம் கொஞ்சம் குறைச்சுப் பாப்போம். பின்பக்கம் கனம் அப்படியே இருக்கட்டும், சூடு அங்கேதான் பிறக்குது."

அதற்குப் பிறகு சில வாரங்கள் காலை நேரம் எல்லாம் அந்த வேலைதான். முராத் லேத்தில் மெல்லிய தோலாக உரிப்பார். நான் எண்ணெய் ஊற்றுவேன். பேரலை மாட்டி மேசையில் சோதிப்போம். பிறகு ஷம்மா நின்று பிடிப்பார். அப்போது முராத் டார்கெட்டைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்ப்பார். சுடும் மேடையின் பக்கவாட்டில் வெயில் விழும். துப்பாக்கி முனையின் நிழல் மணலில் நீளமாகக் கிடக்கும். முனையில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் நிழல் மணலில் கோணல்மாணலாக எதையோ கிறுக்கும். கிறுக்கல் குறையும் வரை உரித்துக்கொண்டே வந்தோம். ஒருநாள் காலை நிழல் இரண்டு சுற்றுக்கும் அப்படியே படுத்துக் கிடந்தது. மேசைச் சோதனையில் குண்டுகள் கொஞ்சம் அகன்று விழுந்தன, ஆனாலும் மோசமில்லை. "கலாஸ், முடிஞ்சுது. இதுக்கு மேல ஒரு தோல்கூட எடுக்கக்கூடாது" என்றார் முராத். எல்லோருக்கும் நிம்மதி.

அப்புறம் ரமலான் வந்தது. அந்த வருடம் எங்கள் தவக்காலமும் ஏறக்குறைய அதோடு சேர்ந்தே வந்தது. எங்கள் கடற்கரையில் தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போம், அதாவது நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. தண்ணீர் குடிக்கலாம் என்றாலும், வாயில் ஒரு சொட்டு விடாமல் நிற்கிற உஸ்தாத் முன்னால் பாட்டிலைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் நானும் அவர்களோடு சேர்ந்து மாலை வரை வறண்டு கிடந்தேன். பசி முற்றினால் அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிடும். பகல் வெளிச்சம் பால்போல் வெளுத்திருக்கும். மணல்மேட்டின் விளிம்பு தரையை விட்டுப் பிரிந்து மிதக்கும். டார்கெட் பலகைகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும். சத்தங்கள் எல்லாம் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. ஜெபம் சொல்லாமலே ஜெபத்துக்குள் இருப்பதுபோல் இருக்கும்.

அஸர் என்பது மாலைத் தொழுகை, வெயில் சாய்கிற நேரம். ஒருநாள் அஸர் நேரத்தில் முராத் மூலையில் பாய் விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். ஷம்மாவின் துப்பாக்கியைத் துடைத்துவிட்டு, உள்ளே பார்த்து, விரல் விட்டு, தொழுகை முடித்து எழுந்த அவரையும் பார்க்கச் சொல்லி, அவர் மாஃபி என்றபிறகு மேடைக்குக் கொண்டுபோய்ச் சும்மா தோளில் வைத்துப் பார்த்தேன். முனை இறங்கியது. தூக்கினேன், மறுபடி இறங்கியது. எனக்கு பிரஷர் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். கீழே மணலைப் பார்த்தேன். நிழல் கிறுக்கிக்கொண்டிருந்தது.

"உஸ்தாத், கொஞ்சம் வாங்க. இதப் பிடிச்சுப் பாருங்க."

"நேத்து பிடிச்ச துப்பாக்கிதானே."

"நேத்து காலையில பிடிச்சோம். இப்பப் பிடிங்க."

அவர் வாங்கிப் பிடித்தார். ராணுவத்தில் இருந்த கை அது. அவர் நிழலும் ஆடியது. துப்பாக்கியை இறக்கி மேசையில் வைத்தார். பிறகு, நான் குனிந்து கேட்க வேண்டிய குரலில் சொன்னார். "நாம அவளை நோன்புக்கு முன்னாடி, முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டிருக்கும்போது அளந்திருக்கோம், சூசா. தேர்வு நோன்புல, அதுவும் அஸருக்கு அப்புறம்."

தேர்வு எந்த நேரம் என்பது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. எல்லோரும் படித்திருந்தோம். மூன்று பேரில் இரண்டு பேர் ஆயுள் முழுக்க நோன்பு இருப்பவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எடை என்றால் தராசு காட்டுவதுதான் என்று இருந்துவிட்டோம். காலையில் இருந்த அதே எடை அஸர் நேரத்தில் வேறு எடையாக இருந்தது.

அடுத்த நாள் ஷம்மாவை அந்த நேரத்துக்கு வரச் சொன்னோம். முதல் சுற்று தாங்கினார். இரண்டாவது சுற்றின் பாதியில் நிழல் மணலில் ஓடத் தொடங்கியது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மேடம், அன்னைக்கு ஒரு நாள் மட்டும்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வேணாம் பாய். அதுக்காக நோன்பை விட மாட்டேன். அந்தப் பேச்சே வேணாம்." குரலில் கோபம் இல்லை. கதவை மெதுவாகச் சாத்துவதுபோல் சொன்னார். பிறகு முராத்தைப் பார்த்து, "இன்னும் குறைங்க உஸ்தாத்" என்றார்.

முராத் தலையாட்டினார், முடியாது என்று. "இப்பவே அகலமா விழுது. இன்னும் எடுத்தா சூட்டுல ஏற ஆரம்பிச்சுடும். அப்புறம் அது என் பேரலே இல்ல."

"நடுப்புள்ளி எனக்கு வேணாம், உஸ்தாத். பக்கத்து வளையம் போதும். கை விழுந்துட்டா எனக்கு எந்த வளையமும் இல்ல."

முராத் உள்ளே போய் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தாளைத்தான் பார்க்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்தப் பேரலை அவர் துடைக்கும்போது பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஷம்மாவின் சீசன் போகப்போகிறதே என்ற கவலையோடு, இந்த மனுஷனிடம் எதைக் கேட்கிறோம் என்ற வேதனையும் எனக்குள் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை நான் போனபோது சுவரில் தாள் இல்லை. நாலு ஆணியும் தாள் இருந்த இடத்தில் வெளுத்த சதுரமும்தான் இருந்தன. பேரல் லேத்தில் கட்டியிருந்தது. முராத் எண்ணெய்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிற இடத்தில் நின்றார்.

"நீ வெட்டு. எனக்குக் கை வராது."

என் வாழ்நாளில் எத்தனையோ ஷாஃப்ட் கடைந்திருக்கிறேன். அன்றைக்குப்போல் பயந்ததில்லை. இரும்பு நூல்நூலாக, நீலமாகச் சுருண்டு விழுந்தது. அவர் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார். "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா", மெதுவாக மெதுவாக என்று மட்டும் சொன்னார். மதியத் தொழுகைக்கு பாங்கு கேட்பதற்குள் முடித்துவிட்டேன். பேரலைத் தொட்டுப் பார்த்தார், பின்பக்கத்தை மட்டும்.

மேசையில் வைத்துச் சோதித்தோம். செல்வம், நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மேசையில் வைத்தால் அது கெட்டுப்போன பேரல்தான். மூன்று தாள்களை அடுக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது வெளிச்சமே வரவில்லை. ஆறிய பேரலில் குண்டு கீழே விழுந்தது, வெதுவெதுப்பில் நடுவுக்கு வந்தது, சூட்டில் மேலே போனது. முராத் அந்தத் தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அரைநாள் யோசித்தார்.

"தப்பு இருக்கத்தான் போகுது. அது எங்கே இருக்கணும்னு நாம சொல்லலாம்" என்றார்.

அதன்பிறகு அந்தத் துப்பாக்கியை ஏ.சி. அறையிலிருந்து நேரே எடுத்துப் போவதை நிறுத்தினோம். சுடுவதற்கு வெகுநேரம் முன்பே வெளியே நிழலில் ஒரு துணி விரித்து அதில் படுக்கவைத்து, ஊர் வெப்பத்தை அதற்குப் பழக்கினோம். நானும் முராத்தும் மாறி மாறி அதன் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்தோம். குறிபார்க்கும் கண்ணாடியை, வெதுவெதுப்பான பேரல் குண்டை நடுவில் போடும்படி திருப்பி வைத்தோம். தொடக்கத்தில் கொஞ்சம் கீழே, முடிவில் கொஞ்சம் மேலே. இரண்டும் வளையத்துக்குள். எல்லாச் சோதனையும் அஸருக்குப் பிறகுதான், மூன்று பேரும் வெறும் வயிற்றோடுதான். அந்த மாலைகள் ஏதோ நீண்ட கனவுபோல்தான் எனக்குள் இருக்கின்றன. யாரும் அதிகம் பேசவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சு எதற்கு. குண்டு போகும், சத்தம் மணல்மேட்டில் முட்டித் திரும்பும், மூவரும் நிழலைப் பார்ப்போம்.

தேர்வு நாளன்று காற்றே இல்லை. முதல் சுற்று முடிந்தபோது புள்ளியில் ஷம்மாவுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். நான் டார்கெட் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்தது. பக்கத்து மேடைகளில் எல்லாம் வெடிக்க ஆரம்பித்தது. நான் மணலில் ஷம்மாவின் துப்பாக்கி நிழலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் அது துள்ளி, திரும்பித் தன் இடத்துக்கு வந்து படுத்தது. பேரலுக்கு மேலே கானல் எழுந்து நடனமாடுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. சூடேறிவிட்டது, இப்போது மேலே போகும், இப்போது வெளியே போய்விடும் என்று ஒவ்வொரு குண்டாக எண்ணினேன். நிழல் மட்டும் கடைசி வரை கிறுக்கவில்லை. சத்தம் நின்றபோது, எப்போதிலிருந்தோ மாதாவே மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. பக்கத்தில் முராத்தின் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

தாளைக் கொண்டுவந்தார்கள். குண்டுகள் கீழிருந்து மேலாக ஒரு கீறல்போல் வரிசை கட்டியிருந்தன. அழகு என்று சொல்ல முடியாது. நடுப்புள்ளியில் விழுந்தவை கொஞ்சம்தான். ஆனால் ஒன்றுகூட வளையத்தைத் தாண்டவில்லை. எங்களைவிட நல்ல துப்பாக்கியும் நல்ல தோளும் வைத்திருந்த சிலருக்குக் கடைசியில் கை சோர்ந்து குண்டு வெளியே போயிருந்தது. தேர்வானவர்களின் பேரைப் படித்தார்கள். படித்துக்கொண்டே போனார்கள். கடைசிப் பேர் ஷம்மா.

நான் அழுதுவிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷம்மா அழவில்லை. இடது கையைத் தொங்கவிட்டபடி, மேசையில் இருந்த துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்து, அதை முராத் பக்கம் நகர்த்தினார். முராத் உள்ளே பார்த்து, விரலை விட்டு, "மாஃபி" என்றார்.

நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆர்மரிக்கு வெளியே பாய் விரித்து பேரீச்சம்பழமும் மோரும் வைத்து உட்கார்ந்தோம். பள்ளிவாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பழக்கொட்டை போடத் தட்டு இல்லையே என்று நான் எழுந்தேன். முராத் என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பிரித்து, சுருக்கம் நீவி, எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் விரித்தார். நடுவில் காசு அளவுக்கு ஒரே ஓட்டை.

"உஸ்தாத், இது..." என்றார் ஷம்மா.

பாங்கு கேட்டது. முராத் பிஸ்மில்லா சொல்லி ஒரு பழத்தை வாயில் போட்டார். நாங்களும் போட்டோம். மென்று முடித்து அவர் கொட்டையைத் தாளில் வைத்தார். அது உருண்டு போய், அந்த ஓட்டை வழியாகப் பாயில் விழுந்தது. அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அத்தனை வருடத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.